எம்-பெசா மதிப்பீடு: இருநூறு ஷில்லிங் அனுப்பினால் கையில் எவ்வளவு சேரும்?

கென்யாவின் எம்-பெசாவை நம் ஊர்க்காரர்கள் பலர் 'அங்கத்திய ஜிபே' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். அது சரியல்ல. ஜிபே ஓட முதலில் வங்கிக் கணக்கு இருக்க வேண்டும். எம்-பெசாவோ வங்கி வாசலையே மிதிக்காதவர்களுக்கென்று சஃபாரிகாம் நிறுவனம் 2007 மார்ச் 6 அன்று தொடங்கிய சேவை. தேசிய அடையாள அட்டை, ஒரு சிம், ஒரு சாதாரண பட்டன் போன் இருந்தால் கணக்கு தயார். பெசா என்பது வேறொன்றுமில்லை, நம் பைசாதான். இந்தியப் பெருங்கடல் வணிகத்தோடு கிழக்கு ஆப்பிரிக்கக் கரைக்குப் போய் சுவாஹிலிச் சொல்லாகிவிட்டது. முன்னால் நிற்கும் 'எம்' மொபைலைக் குறிக்கும்.

சிறு விவசாயத்தையே நம்பியிருந்த மக்கள் வேறு தொழிலுக்கு நகர வேண்டும், அந்த நகர்வில் ஏழைகளும் பெண்களும் விடுபட்டுப் போகக் கூடாது. வளரும் நாடுகளின் பொருளாதாரம் பற்றிப் பேசும் எல்லோரும் சொல்வது இது. இதற்கு ஒரு சேவை உதவ முடியுமா என்று கேட்டால் உலகம் முழுக்க முதலில் கைகாட்டப்படுவது எம்-பெசா. அந்தப் பெயருக்கு அது தகுதியானதா என்று தெரிய, ஆப் எப்படி இருக்கிறது என்று பார்த்துப் பயனில்லை. சின்னத் தொகை, கிராமத்துக் கடை, மாதக் கடைசி, இந்த மூன்றும் சேரும் இடத்தில் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்க வேண்டும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பணம் அனுப்பவும் பத்திரமாக வைக்கவும் மிக நல்ல சேவை. கடன் சேவையாக அன்றாடம் சரக்கு வாங்கி விற்பவர்களுக்கு மட்டும் பொருந்தும். சின்னத் தொகையை ரொக்கமாக எடுப்பவர்களிடம் இது வாங்கும் கட்டணம் நியாயமே இல்லை.

கடையில் நடப்பது

எம்-பெசாவின் உயிர் போனில் இல்லை, முகவர் கடையில் இருக்கிறது. கென்யாவில் வங்கிக் கிளைகள் சுமார் 1,500. எம்-பெசா முகவர்கள் 2 லட்சத்துக்கும் மேல். பச்சை நிறப் பலகை, கம்பி வலைக்குப் பின்னால் ஒருவர், அவர் முன்னால் ஒரு போன், ஒரு பேரேடு. பாதிக் கடைகளில் சோப்பும் மாவும் ரீசார்ஜும் அதே மேஜையில் விற்பனையாகும்.

பணம் போட வேண்டுமென்றால் ரொக்கத்தையும் அடையாள அட்டையையும் நீட்ட வேண்டும். முகவர் தேதி, பெயர், அட்டை எண், போன் எண், தொகை, பரிவர்த்தனைக் குறியீடு எல்லாவற்றையும் பேரேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குவார். பிறகு தன் போனிலுள்ள மின்பணத்திலிருந்து அந்தத் தொகையை உங்கள் எண்ணுக்குத் தள்ளுவார். இரண்டு போனிலும் எஸ்எம்எஸ் வரும். போடுவதற்குக் கட்டணம் கிடையாது. முகவருக்கான கமிஷனை நிறுவனமே கொடுத்துவிடும்.

அனுப்புவதற்கு சிம் மெனுவைத் திறக்கலாம் அல்லது *334# அழுத்தலாம். எண், தொகை, நான்கு இலக்க ரகசிய எண், அவ்வளவுதான். பணம் போய்ச் சேர்வதற்கு முன்னால் வாங்குகிறவரின் பெயர் திரையில் தெரியும். தவறான பெயர் என்றால் அந்தச் சில நொடிகளுக்குள் நிறுத்திவிடலாம். 'ஹக்கிகிஷா', அதாவது 'உறுதிசெய்துகொள்' என்று இந்த வசதிக்குப் பெயர். ஆரம்ப வருடங்களில் இது கிடையாது. ஓர் எண் பிசகினால் முன்பின் தெரியாதவரிடம் பணம் போய்விடும். இன்றைக்கும் தவறி அனுப்பிவிட்டால், வந்த எஸ்எம்எஸ்ஸை அப்படியே 456-க்கு அனுப்பித் திரும்பக் கேட்கலாம். அந்தப் பக்கத்து ஆள் ஏற்கெனவே எடுத்துவிட்டார் என்றால் அந்தப் பணம் போனதுதான். எனவே பெயர் தெரியும் அந்த நொடிகளில் கண்ணைப் போனிலிருந்து எடுக்கக் கூடாது.

ரொக்கம் எடுக்கும்போது முகவரின் எண்ணையும் தொகையையும் ரகசிய எண்ணையும் உங்கள் கையாலேயே அழுத்த வேண்டும். முகவர் தன் போனில் எஸ்எம்எஸ் பார்த்த பிறகே பணத்தை எண்ணிக் கொடுப்பார். 'கொடுங்கள், நானே அடித்துத் தருகிறேன்' என்று யார் சொன்னாலும் போனைத் தரக் கூடாது. எழுதப் படிக்கத் தெரியாத முதியவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான். ரகசிய எண்ணை முகவரிடம் சொல்லி அடிக்கச் சொல்லும் பழக்கம் கிராமங்களில் இன்னும் இருக்கிறது. அதற்கு நிறுவனம் உருப்படியான மாற்று எதையும் தரவில்லை.

அடுத்து, எல்லோரும் ஒரு முறையாவது முட்டிக்கொள்ளும் சிக்கல்: கடையில் பணம் இருக்காது. ஏன் என்று புரிந்துகொண்டால் பாதித் தொல்லை குறையும். ஒவ்வொரு முகவரும் தன் சொந்த முதலை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார். ஒரு பகுதி கல்லாவில் ரொக்கம், மறுபகுதி போனில் மின்பணம். யாராவது பணம் போட்டால் ரொக்கம் ஏறும், மின்பணம் இறங்கும். எடுத்தால் தலைகீழ். நைரோபியில் சம்பளம் வாங்கியவர்கள் போட்டு ஊருக்கு அனுப்புகிறார்கள், ஊரில் எடுக்கிறார்கள். எனவே நகரத்து முகவரிடம் ரொக்கம் குவிந்து மின்பணம் வற்றும். கிராமத்து முகவரிடம் மின்பணம் குவிந்து ரொக்கம் வற்றும். இரண்டு பேரும் இதைச் சமப்படுத்த வங்கிக்குப் போக வேண்டும். நகரத்தில் வங்கி அடுத்த தெருவில். கிராமத்தில் அது மட்டாட்டு வேனில் போய்வரும் தூரம். போகவரச் செலவு, கடையை மூடிவைக்கும் நேரம், ரொக்கத்தோடு திரும்பும்போது வழிப்பறி பயம். அதனால்தான் மாதக் கடைசியிலும் பள்ளிக் கட்டண சமயத்திலும் 'இப்போது பாதி வாங்கிக்கொள்ளுங்கள், மீதி நாளைக்கு' என்ற பதில் வருகிறது. பெரிய தொகை எடுப்பதாக இருந்தால் தனி முகவர் கடையைவிட நாள் முழுக்க ரொக்கம் புழங்கும் மளிகை மொத்தக் கடையையோ பெட்ரோல் பங்கையோ தேடிப் போவது நல்லது. அவர்களுடைய வியாபார ரொக்கமே எம்-பெசாவுக்கும் உதவும்.

போட்ட பணம் எங்கே இருக்கிறது என்ற கேள்வியும் நியாயமானது. வாடிக்கையாளர் பணம் முழுவதும் வணிக வங்கிகளில் அறக்கட்டளைக் கணக்கில் இருக்கிறது. நிறுவனம் அதை எடுத்துப் புழங்க முடியாது. 2007-இல் மத்திய வங்கி 'ஆட்சேபணை இல்லை' என்ற ஒரு கடிதத்தின் பேரிலேயே இதை அனுமதித்தது. சட்டம் 2011-இல் வந்தது, விதிகள் 2014-இல். 2008 கடைசியில் வங்கிகள் கொடுத்த நெருக்கடியால் நிதியமைச்சகம் ஆய்வு செய்யச் சொல்ல, பாதுகாப்பாகவே நடக்கிறது என்று மத்திய வங்கி பதில் சொன்னது. முதலில் நடக்கவிட்டு, பக்கத்தில் நின்று கவனித்து, பிறகு விதி எழுதிய அந்தப் பொறுமை இல்லாவிட்டால் இந்தச் சேவை முளையிலேயே கருகியிருக்கும்.

கட்டணப் பட்டியலை விரலால் தொட்டுப் படித்தால்

கீழே வருபவை பரிமாற்றக் கட்டணங்கள் மீதான வரி 12%-இலிருந்து 15% ஆன 2023 ஜூலைக்குப் பிந்தைய தொகைகள். ஒரு ஷில்லிங் என்பது நம் ரூபாயில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு.

100 ஷில்லிங் வரை அனுப்ப இலவசம். 101 முதல் 500 வரை 7 ஷில்லிங். 1,000 வரை 13. 1,500 வரை 23. 2,500 வரை 33. 3,500 வரை 53. 5,000 வரை 57. 7,500 வரை 78. 10,000 வரை 90. அதற்கு மேலே மெதுவாக ஏறி 108-இல் நின்றுவிடும். எடுப்பதற்கு 101 முதல் 2,500 வரை எவ்வளவாக இருந்தாலும் 29 ஷில்லிங். 3,500 வரை 52, 5,000 வரை 69, 7,500 வரை 87, 10,000 வரை 115, 20,000 வரை 185.

இதை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நைரோபியில் கட்டட வேலை செய்யும் ஒருவர் ஊரிலுள்ள அம்மாவுக்கு 200 ஷில்லிங் அனுப்புகிறார். அவர் கையிலிருந்து போவது 207. அம்மா அதை ரொக்கமாக எடுத்தால் 29 போய் 171 கையில் இருக்கும். வழியில் கரைந்தது 36 ஷில்லிங், அனுப்பிய தொகையில் 18%. அதே நகரத்தில் அலுவலக வேலையில் இருப்பவர் 20,000 அனுப்பினால் அனுப்ப 105, எடுக்க 185, ஆக 290. இது 1.45%. இருக்கப்பட்டவருக்கு ஒன்றரை சதவீதம், இல்லாதவருக்குப் பதினெட்டு. எல்லோரையும் உள்ளே அழைத்த சேவை என்று இதைப் புகழும்போது இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பேச வேண்டும்.

படிக்கட்டுக் கட்டணம் என்பதால் படியின் விளிம்பைத் தெரிந்து வைத்திருப்பவருக்கு மிச்சம் உண்டு. அம்மாவின் கையில் முழுதாக 5,000 சேர வேண்டும் என்று எடுக்கும் கட்டணத்தையும் சேர்த்து 5,069 அனுப்புகிறீர்கள் என்று வையுங்கள். அந்த 69 உங்களை அடுத்த படிக்குத் தள்ளிவிடும். 57-க்குப் பதில் 78 கட்ட வேண்டும். சரியாக 5,000 மட்டும் அனுப்பி, அம்மாவை 4,931-க்குள் எடுத்துக்கொள்ளச் சொன்னால் 21 ஷில்லிங் மிச்சம். எடுக்கும்போது இன்னொரு வழியும் உண்டு. 5,000-ஐ ஒரே தடவையில் எடுக்க 69. இன்றைக்கு 2,500, நாளைக்கு 2,500 என்று எடுத்தால் 58. ஆனால் 3,000-ஐ இப்படிப் பிரிக்கக் கூடாது: ஒன்றாக எடுத்தால் 52, பிரித்தால் 58. 7,500-ஐ மூன்றாகப் பிரித்தாலும் அதே 87. ஆனால் 5,000-ஐ அனுப்பும்போது இப்படிப் பிரிப்பது நஷ்டம். இரண்டாக அனுப்பினால் 57-க்குப் பதில் 66. ஆக, 5,000-ஐ ஒன்றாக அனுப்புங்கள், இரண்டாக எடுங்கள். சிறு தொகைகளுக்கு மிகவும் சிக்கனமான அளவு 2,500. அதில் அனுப்பவும் எடுக்கவும் சேர்த்து 62 ஷில்லிங், இரண்டரை சதவீதம்.

ரொக்கமாகவே எடுக்காமல் கடையில் செலவழித்தால் இந்த 29 தப்பும். கடையின் 'டில்' எண்ணுக்குக் கட்டினால் வாங்குகிறவருக்குக் கட்டணம் இல்லை. கடைக்காரரிடம் 200 ஷில்லிங்குக்கு மேல் 0.55% பிடிப்பார்கள், அதற்குக் கீழே அவருக்கும் இலவசம். 2013-இல் வந்த இந்த வசதி நகரத்தில் நன்றாக வேரூன்றிவிட்டது. ஆனால் கிராமத்தில் களை எடுத்த கூலி, பால் காசு, மாவு மில் கூலி இவையெல்லாம் இன்னும் நோட்டில்தான் நடக்கின்றன. ரொக்கம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களிடமே எடுக்கும் கட்டணம் விழுகிறது.

வயலை விட்டுக் கடைக்கு

இத்தனை குறை சொல்லியும் இந்தச் சேவையை நான் மதிக்கக் காரணம் இருக்கிறது. தவ்னீத் சூரி, வில்லியம் ஜாக் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் கென்யக் குடும்பங்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். 2014-இல் வெளிவந்த அவர்களுடைய முதல் கண்டுபிடிப்பு: நோய், வேலையிழப்பு போன்ற அடி விழும்போது எம்-பெசா இல்லாத குடும்பங்களின் நுகர்வு சுமார் 7% விழுந்தது, எம்-பெசா உள்ள குடும்பங்களில் விழவில்லை. காரணம் எளிமையானது. உறவினர்கள் அனுப்பினார்கள், உடனே வந்து சேர்ந்தது. 2016-இல் வெளிவந்தது அடுத்தது: எம்-பெசா பரவியதால் 1,94,000 குடும்பங்கள், அதாவது கென்யக் குடும்பங்களில் 2%, கடும் வறுமையிலிருந்து வெளியே வந்தன, 1,85,000 பெண்கள் விவசாயத்தை விட்டு வியாபாரத்தை முதன்மைத் தொழிலாக ஆக்கிக்கொண்டார்கள். பெண் தலைமையிலான குடும்பங்களில் பலன் கூடுதலாக இருந்தது. இந்த மதிப்பீடு மிகை என்று வாதிடும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். புதிதாகக் கடை போட்டவர்களில் எத்தனை பேர் பிறகு மூடினார்கள் என்பதைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்கிறார்கள். அது கேட்க வேண்டிய கேள்விதான். ஆனாலும் நகர்வு நடந்த விதம் சந்தைக்குப் போய்ப் பார்த்தால் விளங்கும்.

காய்கறி விற்கும் பெண்ணை அங்கே 'மாமா ம்போகா' என்பார்கள். சுவாஹிலியில் மாமா என்றால் அம்மா, காய்கறி அம்மா. விடிவதற்கு முன்பே நைரோபியின் வக்குலிமா மொத்தச் சந்தைக்குப் போய், தக்காளி, வெங்காயம், சுக்குமா விக்கி வாங்கி வருவார். சுக்குமா விக்கி என்பது அடர்பச்சைக் கீரை. பெயருக்கு 'வாரத்தைத் தள்ளு' என்று அர்த்தம், சம்பளம் வரும்வரை வாரத்தை ஓட்ட உதவுவதால். சாயங்காலம் வாடிக்கையாளர் நிற்கும்போதே கீரைக் கட்டைச் சுருட்டிப் பிடித்து நூல் மாதிரி அரிந்து பையில் போட்டுக் கொடுப்பார். இந்தப் பெண்ணுக்கு எம்-பெசா என்ன செய்தது? இருட்டில் சரக்குப் பணத்தை இடுப்பில் முடிந்துகொண்டு போக வேண்டியதில்லை. மொத்த வியாபாரிக்குப் போனிலேயே கொடுக்கலாம். அன்றைய லாபம் வீட்டில் யார் கண்ணிலும் படாமல், தன் ரகசிய எண்ணுக்குப் பின்னால் தங்குகிறது. நம் ஊர்ச் சீட்டு மாதிரி அங்கே 'சாமா' குழுக்கள் உண்டு. அதன் தவணையும் போனிலேயே போய்விடும். வயலில் கூடமாட வேலை செய்துகொண்டு, தன் கையில் தனிக்காசு இல்லாமல் இருந்தவருக்கு, ஒரு சிறிய முதலைத் தனியே சேர்த்துக் காப்பாற்ற முடிந்தது. கடை தொடங்க அதுதான் வேண்டியிருந்தது.

இவர்களுக்கென்றே நிறுவனம் பின்னால் கொண்டுவந்த வசதி 'போச்சி லா பியாஷாரா', வியாபாரச் சுருக்குப்பை. இதை மாமா ம்போகாக்களுக்கும் பைக் டாக்ஸிக்காரர்களுக்கும் தயங்காமல் சிபாரிசு செய்வேன். சொந்த எண்ணில் பணம் வாங்கினால் இரண்டு தொல்லை. வியாபாரக் காசும் வீட்டுக் காசும் கலந்துவிடும். அதைவிட மோசம், சரக்கை வாங்கிக்கொண்டு போன ஆள் 'தவறி அனுப்பிவிட்டேன்' என்று 456-க்குச் செய்தி போட்டுப் பணத்தைத் திரும்ப இழுக்கும் மோசடி. போச்சிக்கு வந்த பணத்தை விற்றவர் சம்மதமில்லாமல் அப்படித் திருப்ப முடியாது. அதே எண், தனிப் பை, *334# மெனுவிலேயே பதிவு செய்துகொள்ளலாம். வாடிக்கையாளர் சாதாரண அனுப்பும் கட்டணம் கட்ட வேண்டும்; 100 ஷில்லிங் வரை அது இலவசம் என்பதால் கீரைக் கட்டுக்கும் நாலு தக்காளிக்கும் யாருக்கும் செலவில்லை. வியாபாரம் பெரிதாகி ஒரு வாடிக்கையாளர் 300, 500 என்று வாங்க ஆரம்பித்தால் டில் எண்ணுக்கு மாறுவது மேல். வாங்குகிறவருக்கு அது இலவசம் என்பதால் கூட்டம் அந்தப் பக்கம் வரும்.

கடைக்கு மேலே படி இல்லை

இங்கிருந்துதான் என் வருத்தம் தொடங்குகிறது. விவசாயத்திலிருந்து தெருக்கடைக்கு வந்தது ஒரு நகர்வு. அங்கிருந்து பட்டறைக்கு, பட்டறையிலிருந்து ஆலைக்கு என்று போனால்தான் ஒரு மணி நேர உழைப்புக்குக் கிடைக்கும் கூலி பெருகும். கென்யாவில் அந்த இரண்டாவது நகர்வு நடக்கவில்லை. நாட்டின் உற்பத்தியில் ஆலைத் தொழிலின் பங்கு பத்து ஆண்டுகளுக்கு மேலாகத் தேய்ந்து 2023-இல் 8%-க்கும் கீழே வந்துவிட்டது. சிறு விவசாயம் போக மற்ற வேலைகளில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் 'ஜுவா காலி' என்கிற முறைசாராத் துறையில் இருக்கின்றன. ஜுவா காலி என்றால் கடும் வெயில். கூரையில்லாத இடத்தில் வெயிலில் நின்று தகரம் தட்டுகிறவர்களுக்கு வந்த பெயர், இப்போது ஒரு துறைக்கே பெயராகிவிட்டது.

இதற்கெல்லாம் எம்-பெசா காரணமில்லை. மின்சாரக் கட்டணம், சாலை, இறக்குமதி, வரி என்று காரணங்கள் வேறு. ஆனால் எம்-பெசா மேல் கட்டிய கடன்கள் எந்த மாதிரியானவை என்று பார்க்கலாம். 2012 நவம்பரில் வந்த எம்-ஷ்வாரி, 30 நாள் கடன், 7.5% கட்டணம், அதற்கு மேல் வரி. கட்ட முடியாமல் இன்னொரு மாதம் நீட்டித்தால் இன்னொரு 7.5%. வருடம் முழுக்க உருட்டினால் 90%. 2019 ஜனவரியில் வந்த ஃபுலீசா, கணக்கில் பணம் குறைந்தால் நிரப்பித் தரும். எடுக்கும்போது 1%, பிறகு கட்டி முடிக்கும்வரை நாள்தோறும் கட்டணம். கணக்கில் பணம் வந்து விழுந்தவுடன் அதுவே பிடித்துக்கொள்ளும்.

தக்காளி விற்பவருக்கு இது ஒத்துவரும். காலையில் 2,000-க்குச் சரக்கெடுத்து சாயங்காலம் 2,600-க்கு விற்பவரால் ஒரு வாரத்துக்குள் கட்டணத்தோடு கட்டிவிட முடியும். தச்சருக்கு ஒத்துவராது. ஒரு மர இழைப்பு இயந்திரம் வாங்கினால் போட்ட காசு திரும்ப இரண்டு வருடமாவது ஆகும். 30 நாள் கடனில் அதை வாங்குகிறவர் முதல் மாதமே மாட்டிக்கொள்வார். எனவே போன் கடன் சரக்கை மட்டும் வளர்க்கிறது, கருவியை வளர்ப்பதில்லை. தெருவில் இன்னொரு காய்கறிக் கடை வரும். பட்டறையில் இரண்டாவது இயந்திரம் வராது. அரசு 2022 நவம்பரில் தொடங்கிய ஹஸ்லர் நிதி வட்டியை வருடத்துக்கு 8% என்று இறக்கியது, அது பெரிய நிம்மதி. ஆனால் அங்கேயும் 500 ஷில்லிங்கில் தொடங்கும் தொகையும் 14 நாள் தவணையும் அதே தக்காளிக் கணக்குதான்.

நீண்ட தவணை போன் வழியாக முடியாது என்று சொல்லவும் வழியில்லை. எம்-கோபா என்ற நிறுவனம் 2012 முதல் சிறிய சூரிய மின்கலத் தொகுப்பை முன்பணம் வாங்கிக்கொண்டு கொடுத்தது. நாளுக்கு 40, 50 ஷில்லிங் வீதம் ஏறக்குறைய ஒரு வருடம் எம்-பெசாவில் கட்ட வேண்டும். கருவிக்குள்ளேயே ஒரு சிம் இருக்கும். கட்டாத நாளில் விளக்கு எரியாது, கட்டியதும் எரியும், முழுதும் கட்டி முடித்தால் சொந்தம். மண்ணெண்ணெய்க்குச் செலவழித்த அதே தினக்காசு ஒரு சொத்தாக மாறியது. அடமானம் கேட்காமல், கருவியையே அடமானமாக்கிய இந்த முறையைத் தையல் இயந்திரத்துக்கும் வெல்டிங் கருவிக்கும் தண்ணீர் பம்புக்கும் இரண்டு வருடத் தவணையில் கொண்டுவருவதுதான் எம்-பெசாவின் அடுத்த வேலையாக இருந்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக நாள் கட்டணக் கடனும் சூதாட்டப் பந்தயமும் அதே போனில் வெகு எளிதாக நுழைந்துவிட்டன.

இந்தியாவில் இதே எம்-பெசா 2013-இல் வோடஃபோன் வழியாக வந்து 2019-இல் மூடப்பட்டதை நினைவு வைத்திருப்பவர்கள் இருப்பார்கள். இங்கே வங்கியோடு சேர்ந்தால்தான் ரொக்கம் எடுக்க அனுமதி என்ற ரிசர்வ் வங்கி விதி ஒரு பக்கம், 2016-இல் வந்த யூபிஐ இன்னொரு பக்கம். தென்னாப்பிரிக்காவிலும் 2010-இல் தொடங்கி 2016 ஜூனில் மூடினார்கள். அங்கே ஏற்கெனவே பலருக்கு வங்கிக் கணக்கு இருந்தது, முகவர் கடைகள் போதவில்லை. கென்யாவில் வென்ற காரணம் தொழில்நுட்பம் இல்லை. நகரத்துக்கு வேலைக்குப் போனவர்கள் ஊருக்குப் பணம் அனுப்பும் பழக்கம், நாட்டின் பெரும்பகுதி வைத்திருந்த ஒரே நிறுவனத்தின் சிம், மூலைக்கு மூலை கடை, இவை மூன்றும் சேர்ந்தன. 2005-இல் சோதனை நடந்தபோது அது சிறு கடன் தவணை கட்டுவதற்கான கருவி. மக்கள் அதை ஒருவருக்கொருவர் பணம் அனுப்பப் பயன்படுத்தியதைப் பார்த்துத்தான் 'வீட்டுக்குப் பணம் அனுப்பு' என்று சேவையையே மாற்றினார்கள்.

அந்த ஒரே நிறுவனம் என்பதே இன்றைக்குப் பிரச்சினையும்கூட. போன்பணச் சந்தையில் சுமார் பத்தில் ஒன்பது பங்கு எம்-பெசாவிடம். 2014 வரை எம்-பெசா முகவர் வேறு நிறுவனத்துக்கு வேலை செய்ய முடியாது. 2018-இல்தான் வேறு நிறுவனத்தின் போன்பணத்துக்கு நேரடியாக அனுப்ப வழி வந்தது. போட்டி நெருக்கினால் குறைந்திருக்க வேண்டிய கட்டணம் அதனால்தான் குறையாமல் நிற்கிறது. கிளை தேடிப் போகாமலே 2006-இல் 26.7% ஆக இருந்த முறைசார் நிதிச் சேவைப் பயன்பாட்டை 2024-இல் 84.8% ஆக்கியதில் இதன் பங்கு பெரியது, அதில் சந்தேகமே இல்லை. உள்ளே வந்த பிறகு எவ்வளவு வாங்குகிறார்கள் என்பதையும் அதே அக்கறையோடு பார்க்க வேண்டும்.

பார்க்க முடியும் என்பதற்கு ஆதாரமும் இருக்கிறது. கொரோனா வந்த 2020 மார்ச்சில் 1,000 ஷில்லிங் வரை அனுப்பும் கட்டணத்தை முழுக்க ரத்து செய்தார்கள். அந்த ஆண்டு முடியும் வரை அது நீடித்தது. சேவை ஒன்றும் முடங்கவில்லை. திரும்பக் கட்டணம் வந்தபோது 100 வரை இலவசம் அப்படியே தங்கியது, 500 வரையிலான கட்டணம் முன்பைவிட இறங்கியது. அனுப்பும் பக்கத்தில் செய்த அதே வேலையை எடுக்கும் பக்கத்திலும் செய்ய வேண்டும். 101 முதல் 2,500 வரை ஒரே 29 என்று கிடப்பதை உடைத்து, 500 வரை எடுப்பவர்களுக்கு 7 ஷில்லிங் என்று வைத்தால்கூட அந்த அம்மாவின் கையில் 171-க்குப் பதில் 193 இருக்கும்.